கை படாத காவடி

சுத்தியல் கேட்டால் சுத்தியலோடு சேர்ந்து ஆளும் வரும் வீடு ஒன்றுதான் எங்கள் வரிசையில் இருந்தது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த காலம் அது. நான் கூட்ஸ் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. என் மனைவி தனம், நாலு வயது பாப்பா, நான், அவ்வளவுதான் குடும்பம். ஒட்டிய வீட்டில் அந்த அக்கா. அவர் வீட்டுக்காரர் எஞ்சினில் ஃபயர்மேன்; வாரத்தில் பாதி நாள் ரயிலோடு போய்விடுவார், மீதி நாள் தூங்குவார். அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள்கூட அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை.

அக்காவின் அப்பா கிள்ளானில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்த தச்சர். ஆண் பிள்ளை இல்லாத வீடு. மனிதர் செத்தபோது கருவிப்பெட்டி மகளுக்கு வந்தது. சும்மா வரவில்லை, வேலையும் கையோடு வந்தது. சுத்தியல், உளி, ரம்பம், இழைப்புளி, குறடு எல்லாம் எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் படுத்திருக்கும். என் வீட்டில் பாப்பாவுக்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடையாது.

"அக்கா, சுத்தியல் கொஞ்சம் வேணும்."

"இரு தம்பி, அடுப்ப அணைச்சிட்டு வரேன்."

எதற்கு என்று கேட்க மாட்டார். வலது கையில் சுத்தியல், இடது கையில் ஒரு முக்காலி. அடுத்தவர் வீட்டு ஆசனத்தை அவர் நம்ப மாட்டார்; நம்பாததற்கு என் வீட்டில் நியாயமும் இருந்தது. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சுத்தியலை நீட்டுவார். நான் வேலையை ஆரம்பிப்பேன். அவர் என்னைக் குறை சொல்ல மாட்டார், கருவி சார்பாகத்தான் பேசுவார்.

"சுத்தியலுக்கு இப்படி அடி வாங்கிப் பழக்கமில்ல தம்பி."

"உளி அழுவுது பாரு."

அவ்வளவு சொல்லிப் பார்ப்பார். அதற்கு மேல் தாங்காது. எழுந்து வந்து என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கிக்கொள்வார். "தள்ளு, தள்ளு" என்பார். ஆணி நாலைந்து வாயில் போய்விடும், ஆணிகளுக்கு இடையே பேச்சு வரும், அரிசி வேகும் நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அவருடைய குணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதுதான். கோணலாக ஒரு வேலை நடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பொண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பந்தல் காலை ஆட்டிப் பார்ப்பார். ஒரு துக்க வீட்டில், எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் கிறீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டதை நானே பார்த்தேன்.

இனி என் திறமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். எங்கள் ஆபீஸ் துரையே ஒரு தடவை என் பேரேட்டைத் திருப்பிப் பார்த்து "குட்" என்றார். அந்த ஒரு "குட்"டை வைத்துக்கொண்டு, காகிதத்தில் நேராகப் போகும் கை மரத்திலும் நேராகப் போகும் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். அதன் விளைவாக எங்கள் வீட்டில் பல பொருள்கள் உருவாயின.

முதலில் கோழிக்கூடு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைத்துக் கட்டினேன். கம்பிகளுக்கு நடுவே நான் விட்ட இடைவெளி, கோழி வெளியே ஓட முடியாத அளவுக்குச் சிறியது. முசாங் உள்ளே வர முடிகிற அளவுக்குப் பெரியது. மரநாய் என்று ஊரில் சொல்வார்களே, அதே முசாங்தான். ஒரே வாரத்தில் நாலு கோழியும் போயிற்று. இரண்டாவது கூட்டை நான் ஆரம்பித்தேன், அக்கா முடித்தார். பிறகு சாமி படத்துக்கு ஒரு தட்டு அடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் முருகன், பிள்ளையார், லட்சுமி எல்லோரும் இடது பக்கம் ஒதுங்கி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். விளக்கு எண்ணெய் சுவரில் வழிந்தது. "சாமிங்களுக்கு வேற வீடு பாக்கணுமோ?" என்று தனம் கேட்டாள். அந்தத் தட்டையும் அக்காதான் பிடுங்கி நேராக அடித்தார்.

இதில் நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். தச்சு வேலையை அல்ல, அக்காவைக் கற்றுக்கொண்டேன். ஒரு வேலை சீக்கிரம் முடிய வேண்டுமானால் அதை நன்றாகச் செய்யக் கூடாது. கண் கொண்டு பார்க்க முடியாதபடி செய்ய வேண்டும். ரம்பத்தைத் தலைகீழாகப் பிடித்தாலே போதும், அக்கா எழுந்துவிடுவார். பிறகு நான் கையைத் தட்டிக்கொண்டு ஒரு ஓரமாய் நின்று, "ஆமாக்கா, அப்படித்தான் நானும் நினைச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். வெட்கமில்லாமல் இப்படி மூன்று வருஷம் ஓட்டினேன். ஆபீசில் போய், "நேத்து வீட்ல ஒரு பெஞ்சு செஞ்சேன்" என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் பாப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். கொய்னா மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. எட்டாம் நாள் குழந்தை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது, ஆனால் யாரென்று தெரிந்த பார்வை அது இல்லை. நான் வெளியே போய் நின்றுகொண்டேன். என்னால் ஆனது அவ்வளவுதான். தனம் அந்த நேரத்தில் சாமி தட்டுக்கு முன்னால் போய் விழுந்து வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை பிழைத்தால், பிள்ளையின் அப்பா தன் கையாலேயே ஒரு காவடி செய்து, பத்துமலைக் குகைக்கோயிலுக்குத் தைப்பூசத்தன்று எடுப்பார் என்று.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. பாப்பா கஞ்சி கேட்டாள். கஞ்சி குடித்து முடித்த பிறகுதான் தனம் எனக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"என் கையாலயா?"

"ஆமா. கடையில வாங்கினதோ, அடுத்தவங்க செஞ்சதோ இல்ல. உங்க கையால."

"அதை எதுக்கு சேத்துகிட்டே? காவடி எடுப்பார்னு மட்டும் சொல்லியிருக்கலாமே."

"பெருசா ஏதாவது சொன்னாதானே சாமி கேக்கும்? உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்னு யோசிச்சேன். இதான் தோணிச்சி."

வேண்டிக்கொண்டவள் அவள். செய்ய வேண்டியவனும் தூக்க வேண்டியவனும் நான். ஆனாலும் குழந்தை கஞ்சி குடித்துவிட்டு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மலையையே பெயர்த்துக் கொண்டுவரச் சொன்னாலும் சரி என்றிருப்பேன். சொன்னேன். உள்ளுக்குள், ஒட்டிய வீட்டில் அக்கா இருக்கும்போது நமக்கென்ன என்றும் நினைத்தேன். தனத்துக்கு இந்தச் சூது தெரியாது. அவளுக்கு அந்த வேண்டுதல் விளையாட்டில்லை. காவடி சொன்னபடி மலை ஏறினால்தான் பிள்ளை நிலைக்கும் என்று அவள் நம்பினாள், அதுவரை தினமும் காலையில் எழுந்ததும் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆரம்பித்தேன். நான் செய்ய நினைத்தது பெரிய அலகுக் காவடியெல்லாம் இல்லை. தோளில் வைக்க ஒரு தண்டு, அதன்மேல் வில்லாக வளைத்த ரோத்தான் பிரம்பு, இரண்டு நுனியிலும் தொங்க ஒவ்வொரு பால் செம்பு, சுற்றிலும் கொஞ்சம் மயிலிறகு. சின்னப் பிள்ளை படம் போட்டால்கூட இப்படித்தான் போடும்.

அக்கா கருவியோடு வந்தார். முக்காலியைப் போட்டார். "காவடியா தம்பி?" என்று கேட்டார். தனம் வேண்டுதலை முழுக்கச் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டே ரம்பத்தை என்னிடம் நீட்டினார். பிறகு இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

தண்டின் நடுவில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடு நடுவில் இல்லை. அதைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். அக்கா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அறுத்தேன். இடது பக்கம் ஒரு சாண் நீளமாகவும் வலது பக்கம் குட்டையாகவும் வந்தது. அக்கா முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டார். சரி, இன்னும் கொஞ்சம் மோசமாகச் செய்தால் எழுந்துவிடுவார் என்று நினைத்து, உளியைப் படுக்கை வசமாகப் பிடித்து வேண்டுமென்றே தப்பாக அடித்தேன். தப்பாக அடித்தது நடிப்பு. கட்டை விரலில் விழுந்த அடி நடிப்பில்லை.

"அம்மா!"

"மஞ்சப்பத்துப் போடு தனம்," என்றார் அக்கா. எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அப்படியே. ரோத்தானை நனைக்காமல் வளைத்தேன். அது விடுபட்டு என் காதில் அறைந்தது. அக்கா எழுந்து வேலியோரம் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. என் வேலையின் லட்சணம் ஒரு மனுஷியை அழவைக்கிற அளவுக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கருவிக்காகக்கூட அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷம் கேட்காமலே பிடுங்கிச் செய்த ஆளுக்கு இப்போது மட்டும் என்ன வந்தது? "அக்காவுக்கு நம்மமேல பொறாமை" என்று தனத்திடம் சொன்னேன். "எதைப் பார்த்து?" என்று அவள் கேட்டாள்.

எப்படியோ காவடி என்று சொல்லத்தக்க ஒன்று உருவாயிற்று. தோளில் வைத்துப் பார்த்தேன். அது இடது பக்கமாகத் தொங்கியது, நானும் இடது பக்கமாகவே போனேன். நேராக நடக்க ஆரம்பித்து, வட்டமடித்து, துணிக்கொடியில் மோதி நின்றேன். பாப்பா கைதட்டிச் சிரித்தாள். தனம் மட்டும், "நல்லா இருக்குங்க. நிஜமாவே நல்லா இருக்கு," என்றாள். அவள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பூசத்துக்கு முதல் நாள் பத்துமலைக்கு ஸ்பெஷல் ரயில் விடுவார்கள். குடும்பம் குடும்பமாகப் பாய், சட்டி, அரிசி மூட்டையோடு போய் ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் காவடி எடுத்துவிட்டுத் திரும்புவது வழக்கம். எங்களிடம் கூடாரத்துக்குத் துணி இல்லை. அக்காவிடம் ஒரு பெரிய படுதா இருந்தது. படுதாவைக் கேட்டேன், ஆகவே அக்காவும் வந்தார். கருவிப்பெட்டியும் வந்தது. அவர் வீட்டுக்காரர் அதே ரயிலின் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்துமலையில் இறங்கியதும் அக்கா, தனம், பாப்பா மூவரும் ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் போனார்கள். "நாங்க வந்து கட்டலாம் தம்பி, நீ கைய வெக்காத," என்று அக்கா சொல்லிவிட்டுத்தான் போனார். அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. பார்க்கிறேன், ஒரு கூடாரம்கூடக் கட்டத் தெரியாதா?

படுதாவின் மூன்று முனையை மூன்று மரத்தில் கட்டினேன். நாலாவது முனைக்கு மரம் இல்லை. பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி நின்றது. நல்ல கனமான வண்டி, அசையாது. அதன் சட்டத்தில் இழுத்து இறுக்கிக் கட்டினேன். கூடாரம் அற்புதமாக நின்றது. நான் கட்டியதில் நேராக நின்றது அது ஒன்றுதான். காவடியை உள்ளே பத்திரமாகப் படுக்கவைத்து, உலையை ஏற்றிவிட்டு, நானும் பக்கத்தில் சாய்ந்தேன். வழக்கமான நாலு மணி மழை தொடங்கியது. படுதாமேல் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே சுகமாகக் கண்ணயர்ந்தேன்.

மாடுகள் இல்லாமல் நிற்கும் வண்டிக்கு மாடுகள் எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் கண் விழித்தபோது என்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. கூரை புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. கூரையோடு உலைச்சட்டி, பாய், மூட்டை, காவடி எல்லாம் சேற்றில் இழுபட்டுப் போயின. நான் மட்டும் படுத்த இடத்திலேயே கிடந்தேன்.

"வண்டிய நிறுத்துங்க! அண்ணே! நிறுத்துங்க!"

வண்டிக்காரர் இறங்கி வந்து பின்னால் பார்த்தார்.

"யாருய்யா என் வண்டியில வீடு கட்டுனது?"

சுற்றியிருந்த அத்தனை கூடாரமும் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் படுதாவைப் புரட்டிப் பார்த்தபோது காவடி கிடந்த கிடை தெரிந்தது. ரோத்தான் வில் இரண்டாக ஒடிந்திருந்தது. தண்டின் வலது நுனி பிளந்திருந்தது. மயிலிறகு சேற்றில் ஒட்டிக் கிடந்தது. அதே நேரத்தில் தனமும் அக்காவும் ஆற்றிலிருந்து ஓடிவந்தார்கள்.

தனம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உடைந்த காவடியைப் பார்த்தாள். உடனே குனிந்து இடுப்பிலிருந்த பாப்பாவின் நெற்றியைத் தொட்டாள். மழையில் நனைந்த நெற்றி, சில்லென்றுதான் இருந்திருக்கும். திரும்பவும் தொட்டாள்.

"சாமி வேணாம்னு சொல்லிடுச்சாங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் சரி பண்ணிடறேன்."

"நாளைக்குக் காலையில எடுக்கணும்."

"பண்ணிடறேன் தனம்."

அக்கா அதற்குள் படுதாவைத் தூக்கி, நாலாவது முனைக்கு ஒரு முளை அடித்து, கூடாரத்தை நிமிர்த்திவிட்டார். அதற்கு அவருக்கு எத்தனை நிமிஷம் ஆனது என்று சொன்னால் எனக்குத்தான் கேவலம். தனம் பாப்பாவுக்கு ஈரம் மாற்றப் பக்கத்துக் கூடாரத்துக்குப் போனாள். நானும் அக்காவும் உடைந்த காவடியும் மட்டும் இருந்தோம்.

"அக்கா," என்றேன். "தனம் அங்கிட்டுப் போயிருக்கா. நீங்க கை வெச்சா அரை மணி நேர வேலை. யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மாட்டேன் தம்பி."

"மூணு வருஷமா எல்லாத்தையும் புடுங்கிப் புடுங்கிச் செஞ்சீங்க. இன்னைக்கு என் பிள்ளை விஷயத்துல மட்டும் மாட்டேங்கறீங்க. அப்படி என்னக்கா நான் தப்பு செஞ்சேன்?"

கத்திவிட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"உன் பிள்ளை விஷயம்னுதான்யா மாட்டேங்கறேன்! எனக்கு ஒரு பையன் இருந்தான், தெரியுமா உனக்கு? நீங்க குடி வர்றதுக்கு முன்னாடி. மூணு வயசு. இதே காய்ச்சல்தான். எங்க வீட்டுக்காரரு நேர்ந்துகிட்டாரு, தன் கையாலயே காவடி செஞ்சு எடுக்கறேன்னு. அவரு எங்க செய்வாரு? ரயிலோட போறாரு, வராரு. ஒரு நாளு உக்காந்து கட்டிக்கிட்டிருந்தாரு. கோணக் கோணயா இருந்துச்சி. எனக்குப் பொறுக்கல. புடுங்கிட்டேன்."

கையிலிருந்த ஒடிந்த ரோத்தானைக் கீழே வைத்தேன்.

"அவ்வளவு அழகா செஞ்சேன் தம்பி. மலையில அத்தனை சனமும் நின்னு பாத்துச்சி. எந்த ஆசாரி செஞ்சதுன்னு அவருகிட்ட கேட்டாங்க. எனக்கு அப்படி ஒரு கர்வம். வீட்டுக்கு வந்து பத்தாம் நாளு பையன் போயிட்டான்."

"அக்கா, அதுக்கும் இதுக்கும்..."

"சம்பந்தம் இல்லைன்னு சொல்லுவ. அவரும் அப்படித்தான் சொன்னாரு. இருக்கோ இல்லையோ, எனக்குத் தெரியாது. தெரியாததனாலதான் கைய கட்டிகிட்டு உக்காந்திருக்கேன். வாயால சொல்லிக் குடுத்தாக்கூட அது என் கை பட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயம். ஒரு மாசமா உன் வேலைய பாத்துகிட்டு சும்மா இருக்கேனே, அது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியுமா?"

அதற்கு முன்போ பின்போ அவ்வளவு வெட்கப்பட்டதில்லை நான். வேலியோரம் போய் நின்று அவர் கண்ணைத் துடைத்ததை என் உளிவேலைக்குக் கிடைத்த விமரிசனம் என்று எண்ணியவன் நான். அவர் எழுந்து வர வேண்டும் என்று தப்புத் தப்பாக அடித்த ஒவ்வொரு அடியும் ஞாபகம் வந்தது. பையனுக்குச் செய்த காவடியைத்தான் அத்தனை நாளும் அவர் என் கையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ரம்பத்தைக் குடுங்கக்கா," என்றேன்.

கொடுத்தார். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக ஒரு வேலையை நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்தேன். நினைப்பு நன்றாக இருந்தால் போதாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பிளந்த நுனியை அறுத்து எறிந்தேன்; ஏற்கனவே குட்டையாக இருந்த வலது பக்கம் இன்னும் குட்டையானது. பக்கத்துக் கூடாரத்தில் கெஞ்சி ஒரு ரோத்தான் வாங்கி, இந்தத் தடவை ஆற்றில் ஊறவைத்து வளைத்தேன். தனம் வந்து ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டு, அதுவும் கூடாதோ என்று கையை இழுத்துக்கொண்டாள். அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆணி வளையும்போதெல்லாம் அவர் தோள் குலுங்கியது. கூடாரங்களில் விளக்கு ஏற்றத் தொடங்கிய நேரத்தில் கடைசி மயிலிறகைக் கட்டினேன்.

காலையில் ஆற்றில் முழுகி, நீறு பூசி, காவடியைத் தோளில் வைத்தேன். அது இடது பக்கம் இழுத்தது. அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தேன். வலது செம்பில் பாலைத் தளும்பத் தளும்ப ஊற்றி, இடது செம்பில் பாதி ஊற்றினேன். தண்டு ஒருவாறு நேராக நின்றது. கணக்கப்பிள்ளை மூளை அல்லவா.

கூட்டத்தில் நாலு இடி வாங்கியதும் வலது செம்புப் பால் சிந்தத் தொடங்கியது. சிந்தச் சிந்தக் காவடி இடப்பக்கம் சாய்ந்தது. நான் அதோடு சுற்றினேன். நேராக்க முயன்றால் மறுபக்கம் சுழன்றேன். மலையடிவாரத்தில் ஒரு முழு வட்டம் அடித்து, தள்ளாடி, இரண்டு எட்டு பின்னால் போய், மறுபடி சுற்றினேன்.

"வேல்! வேல்!" என்று யாரோ கத்தினார்கள். "அருள் வந்துடுச்சி! வழி விடுங்க!"

கூட்டம் ஒதுங்கியது. மேளக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு அடித்தார்கள். ஒரு அம்மா என் காலில் குடம் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டார். இன்னொருவர் கைக்குழந்தையை என் முன்னால் நீட்டி, "நீறு பூசுங்க சாமி," என்றார். அருள் இல்லை, அளவுதான் தப்பு என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. பூசிவிட்டுச் சுற்றினேன். அப்போது மேலே போவதற்கு மரப்படிகள்தான். அந்தப் படிகளை நான் ஏறியதாகச் சொல்ல முடியாது; காவடி இழுத்த பக்கமெல்லாம் போய்ப் போய் எப்படியோ உயரத்துக்கு வந்துவிட்டேன். பின்னால் தனம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் அக்கா. அத்தனை கூட்டத்தில் நான் ஏன் ஆடுகிறேன் என்பது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

குகைக்குள் பால் ஊற்றியபோது வலது செம்பில் ஒரு வாய்ப் பால்கூட இல்லை. இடது செம்பில் இருந்தது போதுமானதாக இருந்தது. தனம் கண்ணை மூடி நின்றாள். கண்ணைத் திறந்ததும் பாப்பாவைப் பார்த்தாள். நெற்றியைத் தொடவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் என் தோள் வலி, கால் வலி எல்லாம் போய்விட்டது. போகவில்லை, மறுநாள் இரட்டிப்பாக வந்தது. ஆனால் அந்த நேரத்தில் தெரியவில்லை.

கீழே வந்து கூடாரத்தில் விழுந்தேன். காவடியை ஒரு ஓரமாகச் சாய்த்துவைத்தோம். அதன் வேலை முடிந்துவிட்டது. மயிலிறகைப் பிரித்து எடுத்துக்கொண்டு கட்டையை அங்கேயே விட்டுவிட்டு வருவதாக இருந்தோம். ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அக்கா காவடிக்கு எதிரே உட்கார்ந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வேண்டுதல் முடிஞ்சிடுச்சில்ல தனம்?"

"முடிஞ்சிடுச்சிக்கா."

"முழுசா?"

"முழுசாக்கா."

"அப்ப நான் தொடலாமா?"

தனத்துக்கு அந்தக் கதை தெரியாது, நான் சொல்லவில்லை. ஆனாலும் ஏதோ புரிந்திருக்கிறது. எழுந்துபோய்க் காவடியைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தாள்.

அக்கா முந்தானையிலிருந்து கையை எடுத்தார். முதலில் விரலால் தண்டைத் தடவினார். என் முடிச்சுகளைத் தடவினார். பிறகு பெட்டியைத் திறந்தார். நீண்டிருந்த இடது பக்கத்தை அறுத்தார். வளைந்த ஆணிகளைக் குறடால் பிடுங்கி எறிந்தார். ரோத்தானை அவிழ்த்து, நனைத்து, முழங்காலில் வைத்து வளைத்துக் கட்டினார். இழைப்புளி ஓடிய சத்தம் கேட்டுப் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காவடி எடுத்து முடிந்த பிறகு காவடி செய்கிற பொம்பிளையைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

முடித்ததும் தண்டின் நடுவில் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கினார். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் அசையாமல் நின்றன.

பாப்பா போய் அவர் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

"யாருக்குப் பெரியம்மா இது?"

"எங்க வீட்ல ஒரு பையன் இருந்தான்லா," என்றார் அக்கா. "அவனுக்கு."

காவடியைத் திரும்ப மடியில் வைத்தார். வில்லின் ஒரு கட்டு இன்னும் பாக்கியிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன்.